மைனஸ் இருபது கிலோ சாயம்

போன மாதம் தருண் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியின் கணினிப் பிரிவை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். சாயமேற்றிய தோல் காய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஆயத்த நிரல்கள் அடங்கிய ஒரு லைப்ரரியை வைத்து ஒரு கணினி மாடல் தயார் செய்திருக்கிறான். தோலின் பரப்பு, எடை, அன்றைய வெயில், காற்றின் ஈரம் என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்திருக்கிறான். அது என்ன சொல்கிறதென்றால், எடை கூடக்கூடத் தோல் சீக்கிரம் காய்ந்துவிடுமாம்.

“லைப்ரரியை ரெண்டு தபா மாத்திப் பாத்துட்டேன் மேடம். பேஜாரா இருக்கு,” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்து முடித்த பிறகு, பரப்பு, எடை இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். சரியாகிவிட்டதாம். நிரலைப் பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டான். அதோடு விட்டிருக்கலாம். எல்லாவற்றையும் லைப்ரரியே போட்டுக் கொடுக்கும்போது இந்தக் கணக்கையெல்லாம் மெனக்கெட்டுப் படிக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டான். போனில் சொன்னால் அரைகுறையாகப் போய்விடும், எழுதித் தருகிறேன் என்றேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆம்பூரில் பள்ளிக்கூடம், பிறகு பி.காம்., பிறகு ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ. பிளஸ் டூவில் மேட்ரிக்ஸ் என்று ஒன்று வந்தது. எண்களைச் சதுரமாக அடுக்கி, குறுக்கே பெருக்கி, கழித்து, நல்ல மார்க்கே வாங்கினேன். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை, வாத்தியார்களும் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனியின் சம்பளப் பிரிவில் சேர்ந்தேன். சம்பளப் பட்டியல் போட ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்த பிறகு அந்த வேலையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. மாதா மாதம் அதே பொத்தானை அழுத்துவேன். பிரம்பு நாற்காலி குத்துகிறது என்று குடியாத்தம் லுங்கித் துணியில் நீலக் கட்டம் போட்ட ஒரு குஷன் தைத்துப் போட்டுக்கொண்டேன். சம்பளப் பிரிவில் நான் செய்த ஆக்கபூர்வமான காரியம் அது ஒன்றுதான்.

அப்போதுதான் நிறத்தை அளக்கும் கருவி ஒன்றை முதலாளி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். தோலை அதன் வாயில் வைத்தால் ஒளியைப் பாய்ச்சி, ஊதாவிலிருந்து சிவப்பு வரை ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்று பதினாறு எண்களைக் கொடுக்கும். கூடவே வந்த மென்பொருள் துணிக்காகச் செய்தது, தோலுக்குச் சரிப்படவில்லை. கருவி உறை போட்டபடி லேபில் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த யாராவது லேபுக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். கேட்டவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

முதலாளி நிபந்தனையை நேராகவே சொன்னார். இது இரவல்தான். இந்தக் கருவியை வைத்து ஒரு பெரிய ஆர்டருக்காவது நிறம் சேர்த்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் கருவி சென்னை ஆபீசுக்கு, நான் சம்பளப் பிரிவுக்கு. சம்பளப் பிரிவுத் தலைவர் நல்ல மனுஷர். “போய்ட்டு வாம்மா, சீட்டு எங்கயும் போவாது,” என்று வழியனுப்பினார். எப்படியும் திரும்பி வரப்போகிறோம் என்று குஷனை அங்கேயே விட்டுவிட்டுப் போனேன்.

லேபில் எனக்குக் கிடைத்தது ஓர் இரும்பு ஸ்டூல். கூடக் கிடைத்தவர் அன்வர் சார்.

அன்வர் சார் லேபுக்கும் சாயப் பிரிவுக்கும் மேலாளர். வெள்ளைச் சட்டை தவிர வேறு எதுவும் போட்டு அவரை நான் பார்த்ததில்லை. அது பக்தியோ எளிமையோ இல்லை, தொழில். அவருடைய மேஜை வடக்கு ஜன்னலை ஒட்டி இருக்கும். சூரியன் நேராக விழாத அந்த வெளிச்சத்தில்தான் நிறம் பார்ப்பார். பக்கத்தில் சிவப்புப் புடவையோ பச்சைச் சட்டையோ நின்றால் அதன் சாயல் தோலில் விழுமாம். அதனால் ஜன்னல் பக்கம் ஆணியில் சாம்பல் நிறக் கோட்டுகள் தொங்கும். யாராக இருந்தாலும் மாட்டிக்கொண்டுதான் கிட்டே வர வேண்டும். ஒருமுறை முதலாளியே மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். வெயிலிலிருந்து உள்ளே வந்தால் அன்வர் சார் உடனே தோலைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் சும்மா உட்காருவார். பிறகு மாதிரித் தோலையும் நம் தோலையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்துப் பார்ப்பார், இடம் மாற்றிப் பார்ப்பார், தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். அதற்குள் எங்களுக்கு மூச்சு நின்றுவிடும்.

முதல் வாரமே அவரிடம் மாட்டினேன். சாய ரெசிபிகளையெல்லாம் கணினியில் ஏற்றச் சொல்லியிருந்தார். நான் சமர்த்தாக, சதவீதங்களின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டினால் ஏற்காதே என்று நிரலில் ஒரு காவல் போட்டு வைத்தேன். ஒரு ரெசிபிகூட உள்ளே போகவில்லை. தண்ணீர் மட்டுமே இருநூறு சதவீதம், அதற்கு மேல் எண்ணெய், சாயம் எல்லாம். இத்தனை வருஷமாக இந்தத் தொழிற்சாலையில் யாருக்குமே கூட்டத் தெரியவில்லை என்று நான் முடிவுகட்டி, அதை அன்வர் சாரிடம் போய்ப் பணிவாகவும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தோலையும் சாயத்தையும் சேர்த்துச் சுற்றும் டிரம்மில் போடும் தோலின் எடைதான் நூறு, மற்றதெல்லாம் அதை வைத்துத்தான், நூறு கிலோ தோலுக்கு இருநூறு கிலோ தண்ணீர் என்றார்.

“இன்னாத்துல பர்சன்ட்னு கேக்காம கூட்டக் கூடாதும்மா,” என்றார். அன்றே அந்தக் காவலை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கணினியில் என்ன கணக்குப் போட்டாலும் அதை அவருக்கு எண் எதுவும் இல்லாமல் வாயால் விளக்க வேண்டும். “நம்பர் இல்லாம சொல்லும்மா” என்பார். சொல்ல வராவிட்டால் அந்தக் கணக்குப்படி டிரம்மில் ஒரு கைப்பிடி சாயம்கூட விழாது. அவருக்கும் மேட்ரிக்ஸுக்கும் வெகுதூரம். ஆனால் நமக்குப் புரியாததைப் புரிந்ததுபோல் சொன்னால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது மங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஆம்பூரிலிருந்து வாலாஜா ரோடு வரை காலை பாசஞ்சரில் சீசன் டிக்கெட். மங்கை குடியாத்தத்தில் ஏறி காட்பாடியில் இறங்குவாள். வேலூரில் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளர். வீட்டில் தறி, லுங்கி நெய்கிற குடும்பம். என் வயதுதான். பெண்கள் பெட்டியில் ஒருநாள் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மேட்ரிக்ஸ். கண்ணில் பட்டதும் நான் வெட்கத்தை விட்டு, இந்த இன்வர்ஸ் என்பதெல்லாம் எதற்குங்க என்று கேட்டேன். அவள் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இத்தனை வருசமா பாடம் எடுக்கறேன். எதுக்குன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்,” என்றாள். அடுத்த வாரத்திலிருந்து நீ, வா, போ ஆகிவிட்டோம்.

அதன்பின் குடியாத்தத்துக்கும் காட்பாடிக்கும் இடைப்பட்ட தூரம்தான் எங்கள் வகுப்பறை. சம்பளப் பிரிவில் விட்டு வந்த குஷன் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நான் பிரச்சினைக்கு வந்தேன். வாங்குபவர் அனுப்பிய மாதிரித் தோலுக்குப் பதினாறு எண்கள். நம்மிடம் உள்ள ஒவ்வொரு சாயத்துக்கும் பதினாறு எண்கள். திரும்பி வரும் ஒளியை ஒரு சூத்திரத்தில் போட்டு மாற்றிவிட்டால், சாயம் இரட்டிப்பானால் எண்ணும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எந்தச் சாயம் எவ்வளவு போட்டால் மாதிரியின் எண்கள் வரும் என்பதுதான் கேள்வி. மங்கை எழுதிப் பார்த்துவிட்டு, நாலு சாயம், பதினாறு சமன்பாடு, இதற்கு விடையே கிடையாது என்று சந்தோஷமாக அறிவித்தாள். எனக்குச் சம்பளப் பிரிவின் பிரம்பு நாற்காலி கண்முன் வந்து நின்றது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, விடைதான் கிடையாது, விடைக்கு ரொம்பக் கிட்டே போகலாம் என்றாள். டிபன் பாக்ஸ் மூடியை மடியில் கவிழ்த்து வைத்தாள். நம் நாலு சாயத்தை எப்படிக் கலந்தாலும் வரக்கூடிய நிறமெல்லாம் இந்த மூடியின் மேல்தான் இருக்கிறது என்றாள். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து மூடிக்கு மேலே பிடித்தாள். பின்னின் நுனிதான் வாங்குபவர் கேட்கும் நிறம். அது மூடியில் இல்லை, மேலே மிதக்கிறது. அதற்கு மிகக் கிட்டே இருக்கும் இடம் மூடியில் எது? நுனியிலிருந்து நேர் செங்குத்தாக இறங்கினால் படும் இடம். சாய்ந்து இறங்கினால் தூரம் ஜாஸ்தி. அந்தச் செங்குத்தைக் கண்டுபிடிக்கத்தான் மேட்ரிக்ஸைத் திருப்பிப் போட்டுப் பெருக்கி, இன்வர்ஸ் எடுப்பதெல்லாம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வண்டி விரிஞ்சிபுரத்தில் குலுங்கி நின்றது. பின் பறந்துபோய் எதிரில் இருந்த நர்ஸ் அக்காவின் கூடையில் விழுந்தது. அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, செங்குத்தா இறங்குச்சா என்று கேட்டார். பெட்டி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? குறுக்கே பெருக்கிக் கழித்துக் களைத்த ஒரு விஷயத்துக்கு உள்ளே, பார்க்கக்கூடிய, தொடக்கூடிய ஓர் அர்த்தம் இத்தனை நாளாக உட்கார்ந்திருந்திருக்கிறது. வாலாஜா ரோட்டில் இறங்கி ராணிப்பேட்டை பஸ்ஸில் ஏறும்வரை சிரித்துக்கொண்டே போனேன். அன்வர் சாரிடம் மூடியையும் பின்னையும் வைத்தே விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தோல்ல எல்லாமே கிட்டத்தட்டதாம்மா,” என்று ஒப்புக்கொண்டார். கறுப்பு, கருநீலம் போன்ற எளிய நிறங்களில் என் நிரல் கொடுத்த ரெசிபிகளுக்கு லேபின் சின்ன டிரம்மில் மாதிரிகள் நன்றாகவே வந்தன.

அப்புறம் வந்தது டான் என்கிற நிறத்துக்கான அந்த ஆர்டர். காலணியின் மேல்தோலுக்கு, இளம் பழுப்பில் சற்றே சிவப்பு ஓடும் நிறம். கையால் போட்ட ரெசிபிகளில் ஒரு டிரம் போல இன்னொரு டிரம் வரவில்லை. திருத்துவதற்காகத் திரும்பத் திரும்ப டிரம்மில் சுற்றினால் தோலின் மேற்பரப்பு தளர்ந்துவிடும், பிறகு எந்த நிறமும் உதவாது. வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் தொழில்நுட்ப ஆள் நேரில் வரப்போவதாகச் செய்தி வந்தது. முதலாளி, இதைக் கருவியை வைத்தே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். நிபந்தனையில் சொன்ன பெரிய ஆர்டர் இதுதான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

மாதிரியை அளந்தேன். தினமும் காலையில் செய்வதுபோல் வெள்ளை ஓட்டைத் துடைத்து வைத்துக் கருவியைச் சரிபார்த்துவிட்டுத்தான் அளந்தேன். நிரலை ஓட்டினேன். மஞ்சள் கொஞ்சம், கறுப்பு துளி, உள்ளூரில் வாங்கும் பழுப்புச் சாயம் ஆறு சதவீதம், பம்பாயிலிருந்து வரும் பழுப்பு மைனஸ் நாலு சதவீதம் என்று வந்தது. சாயப் பிரிவு மேஸ்திரி கோவிந்தன் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்நூறு கிலோ தோல் போடும் டிரம் அது.

“மேடம், அப்ப இருவது கிலோ சாயத்தைத் தோல்ல இருந்து எடுத்து மூட்டை கட்டணுமா?” என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை, அதுதான் கொடுமை.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. காலி மூட்டையோடு ஓர் ஆள் லேப் வாசலில் வந்து, பம்பாய்க்குத் திருப்பி அனுப்ப வேண்டிய சாயம் எங்கே என்று விசாரித்தான். எனக்கு மைனஸ் மேடம் என்று பெயர் விழுந்தது. பெரும்பாலும் நானும் சேர்ந்தே சிரித்தேன், வேறென்ன செய்வது? ஆனால் உள்ளுக்குள் பயம். மைனஸைப் பூஜ்யமாக்கிவிட்டு மற்றதை அப்படியே வைத்துச் சின்ன டிரம்மில் போட்டுப் பார்த்தேன். அடிப்பிடித்த வத்தக்குழம்பு மாதிரி வந்தது. அன்வர் சார் அதை நாலாக வெட்டித் தன் டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார். வாங்குபவரின் அதே மாதிரியை மறுபடி அளந்தேன். இம்முறை மைனஸ் உள்ளூர்ப் பழுப்புக்கு வந்தது, பம்பாய் பிளஸ் ஆகிவிட்டது. கருவி பொய் சொல்லவில்லை, எண்கள் கடுகளவுதான் மாறியிருந்தன. விடை மட்டும் தலைகீழாகப் புரண்டது.

“ஏன் இப்டி வருது?” என்று அன்வர் சார் கேட்டார். தெரியலை சார் என்றேன். தெரிஞ்சதும் சொல்லு, அதுவரைக்கும் டிரம் நிக்கட்டும் என்றார். அந்த ஆள் வருவதற்கு அந்த வாரம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை குடியாத்தத்தில் மங்கை உட்காருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“ரெண்டு பழுப்புக்கும் நடுவுல கோணம் எவ்ளோன்னு பாத்தியா?”

பதினாறு எண்கள் கொண்ட இரண்டு பட்டியல்களுக்கு நடுவில் கோணமா? நான் கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ, இரண்டு அம்புகளுக்கு நடுவில் கோணம் இருப்பது போலத்தான் இதுவும் என்றாள். எண்களை இணை இணையாகப் பெருக்கிக் கூட்டு, ஒவ்வோர் அம்பின் நீளத்தாலும் வகு, கோணம் தானாக வரும். கம்பெனிக்குப் போனதும் முதல் வேலையாக அதைச் செய்தேன். கோணம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குக் கம்மி. இரண்டு பழுப்பும் இரண்டு பெயரில் வந்த ஒரே ஆள். காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் அதை எண் இல்லாமல் சொல்ல வேண்டுமே.

அன்று சாயங்காலம் ஆம்பூரில் இறங்கினேன். வண்டி வாணியம்பாடி பக்கமாக நகர்ந்தது. ரயிலடிக்குப் பக்கத்து நெடுஞ்சாலையில் ஒரு பஸ்ஸும் அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரிலிருந்து வாணியம்பாடிக்கு ரோடும் தண்டவாளமும் ஒன்றையொன்று விடாமல் கூடவே போகும். பிளாட்பாரத்தில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

காலையில் சாம்பல் கோட்டை மாட்டிக்கொண்டு அன்வர் சார் மேஜைக்கு எதிரில் நின்றேன்.

“சார், எங்க ஊர்ல வாணியம்பாடி ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீடு இருக்குன்னு வைங்க. நேரா நடந்தா பத்தடி. ஆனா அப்டி நேரா நடக்கக் கூடாது. ரோடு போற திசையிலயும் ரயில் போற திசையிலயும் மட்டும்தான் நகரலாம். ரெண்டும் துளியூண்டுதான் விலகிப் போவுது. இன்னா பண்ணுவீங்க?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோல் பார்ப்பதற்கு முன் செய்வதுபோல் அசையாமல் இருந்தார்.

“ரெண்டும் ஒரே பக்கம்தானே போவுது. ரோட்டைப் புடிச்சு வாணியம்பாடி வரைக்கும் போய்ட்டு, ரயிலைப் புடிச்சுத் திரும்பி வந்தாத்தான் பத்தடி தள்ளி எறங்கலாம்,” என்றார். கண்ணைத் திறந்தார். “மைனஸ்னா திரும்பி வர்றது.”

“ஆமா சார். ரெண்டு பழுப்பும் அந்த ரோடும் ரயிலும் மாதிரி. வீடு ஒரு அடி இந்தப் பக்கம் தள்ளினா, போறதும் வர்றதும் மாறிப் போய்டும்.”

“தோல்ல போன சாயம் திரும்பி வராதே.”

“வராது சார். அதனால ஒரு வழியை மூடிடணும்.”

“எதை?”

இதற்கு நான் முந்தின நாள் கம்பெனியிலேயே விடை தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றை விட்டும் மற்றதை விட்டும் நிரலை ஓட்டிப் பார்த்ததில் இரண்டுமே ஏறக்குறைய ஒரே கிட்டத்தில்தான் கொண்டுபோய் விட்டன. ஆனால் பம்பாய்ப் பழுப்பு மூட்டைக்கு மூட்டை கொஞ்சம் மாறும், அது அவருக்கே தெரியும்.

“ரயிலை மூடிடலாம் சார். அது லேட்டாவுது,” என்றேன்.

அன்வர் சார் சிரித்தார். மேஜையில் இருந்த டீ கிளாஸ் ஆடும் அளவுக்குச் சிரித்தார். பிறகு எழுந்து போய் கோவிந்தனிடம், மஞ்சள், கறுப்பு, உள்ளூர்ப் பழுப்பு, பெரிய டிரம்முக்கு எடையைப் போடச் சொன்னார். சின்ன டிரம் வேண்டாமா சார் என்று நான் கேட்டேன். புரிஞ்சிடுச்சே, அப்புறம் எதுக்கு என்றார்.

சாயமேறிய தோலை ஈரத்தில் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஈரத்தில் எல்லாமே கருத்துத் தெரியும். ஓர் ஓரத்தை வெட்டிச் சூடான தகட்டில் வைத்து உலர்த்தினார்கள். மற்றது கம்பங்களில் தொங்கிக் காய்ந்தது. நான் ஏதாவது வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கம் நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம். கோவிந்தன் என்னைப் பார்த்து, தோலை உத்துப் பாத்தா சீக்கிரம் காயுமா மேடம் என்று கேட்டார்.

தொழில்நுட்ப ஆள் வந்தார். உயரமான மனிதர், ரத்தச் சிவப்பில் டை கட்டியிருந்தார். ஜன்னல் பக்கம் வந்தவரை அன்வர் சார் கையைக் காட்டி நிறுத்தினார். டையைக் கழற்றி, சாம்பல் கோட்டை மாட்டிவிட்ட பிறகுதான் நாற்காலியைக் காட்டினார். அந்த ஆளும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே கண்ணை மூடி உட்கார்ந்தார். தொழிலைத் தெரிந்த இரண்டு பேர். பிறகு மாதிரியும் எங்கள் தோலும் விளிம்போடு விளிம்பு. திருப்பினார்கள். மாற்றினார்கள். வந்தவருக்கு எங்கே சேர்கிறது என்று விளிம்பு தெரியவில்லை, விரலால் தடவிப் பார்த்தார். குட் என்றார். கருவியில் அளந்தும் காட்டினேன், அதுவும் ஒப்புக்கொண்டது.

ரெசிபியைப் பார்த்துவிட்டு, ஒரே பழுப்புச் சாயத்தில் இதை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அன்வர் சார் ஆரம்பித்துவிட்டார். எங்கள் தொழிற்சாலை இங்கிலீஷில், இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்துக்கொண்டு, “ரோடு அண்ட் ட்ரெயின் சார். சேம் சேம். ஒன் கோ, ஒன் கம். ட்ரெயின் லேட். சோ, ஒன்லி ரோடு,” என்றார். வந்தவர் ஒரு நொடி விழித்தார். பிறகு தானும் இரண்டு கைகளை நீட்டிப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. முதலாளிக்குத்தான் கடைசிவரை புரியவில்லை, ஆனால் எல்லோரும் சிரித்ததால் அவரும் சிரித்தார்.

தருண், அந்த ரோடும் ரயிலும்தான் உன் பரப்பும் எடையும். பெரிய தோல் கனமாகவும் இருக்கும், இரண்டும் ஒரே பக்கம் போகும். உன் மாடல் ஒன்றைப் பிடித்து வெகுதூரம் போய், மற்றதைப் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு தோலின் குறைகளைக் கேமராவால் கண்டுபிடிக்கும் வேலையில் என்னைப் போட்டார்கள். மெஷின் லேர்னிங் என்ற பெயரே அப்போதுதான் என் காதில் விழுந்தது. புத்தகத்தைத் திறந்தால் உள்ளே அதே மூடி, அதே ஹேர்பின், அதே கோணம். பழைய தோஸ்த் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றதுபோல் இருந்தது. புதிதாக வந்த நிகழ்தகவையும் சரிவில் இறங்கும் கணக்கையும் மங்கையும் நானும் அதே பெட்டியில் சேர்ந்தே படித்தோம். சில இடங்களில் அவளே தடுமாறினாள், எனக்கு அதில் தனி சந்தோஷம். லைப்ரரி போட்டுக் கொடுக்கட்டும், நானும் அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் அது மைனஸ் இருபது கிலோ என்று சொல்லும்போது, ஏன் என்று கேட்க உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்ட பின் எண் இல்லாமல் சொல்லவும் தெரிய வேண்டும்.

அந்த வெளிநாட்டுக்காரர் கிளம்பிப் போன மத்தியானத்தைச் சொல்லி முடிக்கிறேன். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வெள்ளை ஓட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலை எதுவும் இல்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. சம்பளப் பிரிவுக்கா இங்கேயா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அன்வர் சார் கோட்டுகளை ஆணியில் மாட்டிவிட்டு வந்து என் ஸ்டூலை ஒருமுறை பார்த்தார்.

“ஏம்மா, அந்த நீலக் கட்டம் போட்ட குஷன் உன்னோடதுதானே? அதை ஏன் இன்னும் அங்கயே வெச்சிருக்கே?”

நான் எழுந்து முற்றத்தைத் தாண்டிச் சம்பளப் பிரிவுக்குப் போனேன். தலைவர் என்னைப் பார்த்ததும் தானே நாற்காலியிலிருந்து குஷனை எடுத்து, தூசி தட்டி நீட்டினார். திரும்பி வரும்போது டிரம்கள் ஓடிக்கொண்டிருந்தன, கோவிந்தன் கையைத் தட்டினார்.

சாயங்கால வண்டியில் காட்பாடியில் மங்கை ஏறினாள். கூட்டத்தில் அவளுக்கு உட்கார இடமில்லை, என்னிடம் வருவதற்குள்ளேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு புருவத்தை உயர்த்தி, இன்னா ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டாள். நிறம் சேர்ந்துவிட்டது, ஆர்டர் கிடைத்துவிட்டது, டை கழற்றியது என்று சொல்ல எவ்வளவோ இருந்தது.

“குஷன் வந்துடுச்சு,” என்றேன்.

அவள் அத்தனை பேரையும் தள்ளிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நர்ஸ் அக்கா நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.